கோடையில் பெரிய ஏரிக் கரையிலிருந்து தூண்டில் போடுவது எப்படி

பெரிய ஏரி ஒன்றின் கரையில் தூண்டிலோடு நின்றால் முதலில் வரும் ஆசை, முடிந்த மட்டும் தூரமாக எறிய வேண்டும் என்பதுதான். அவ்வளவு தண்ணீர் கண்முன் விரிந்து கிடக்கும்போது மீன் எல்லாம் நடுவில்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. கோடையில் பெரும்பாலான ஏரிகளில் இது தலைகீழ். காரணம் தெரிந்துவிட்டால் எங்கே உட்கார்வது, எப்போது போடுவது என்ற கேள்விகளுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்குமேல் சூடு ஏற ஏற லேசாகும். கோடை வெயிலில் சூடான மேல்தண்ணீர், அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீரோடு கலக்காமல் அதன்மேல் தனி அடுக்காக நிற்கும். அடி அடுக்குக்குக் காற்றும் வெளிச்சமும் எட்டாது. அங்கே விழுந்து அழுகும் இலைதழையும் பாசியும் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். பாசி வளமாக உள்ள ஏரிகளில் நடுக்கோடைக்குள் ஆழத்தின் அடித்தளம் மீன் மூச்சுவிட முடியாத இடமாகிவிடுகிறது. மீனுக்கு இரை அதிகம் கிடைப்பது தரையில்: புழு, நத்தை, பூச்சிக் குஞ்சுகள். ஆக்சிஜனுள்ள மேல் அடுக்கு தரையைத் தொடும் இடம் எது? கரையோரப் பட்டைதான். கரையிலிருந்து தூண்டில் போடுபவர் அந்தப் பட்டையின் மேலேயே நிற்கிறார்.

இரண்டு விலக்குகள் உண்டு. மிகத் தெளிந்த, ஆழமான குளிர் ஏரிகளில் அடியிலும் ஆக்சிஜன் இருக்கும். டிரௌட் போன்ற குளிர்நீர் மீன்கள் பகலில் அங்கே இறங்கிவிடுவதால், கரையில் விடியல் ஒன்றே அவற்றுக்கான நேரம். ஆழமில்லாத, எப்போதும் காற்று கலக்கும் ஏரிகளில் இந்த அடுக்கே நிலைக்காது. அங்கே மீன் எங்கும் திரியும்.

இடம் பார்ப்பது

ஏரிக்குப் போனதும் தூண்டில் கம்பான ராடைப் பொருத்தாதீர்கள். முதல் அரை மணி நேரம் நடப்பதற்கு.

முதலில் காற்று. எந்தக் கரையை நோக்கி அடிக்கிறதோ அந்தக் கரைக்குப் போங்கள். ஓரிரு நாள் ஒரே திசையில் அடித்த காற்று மேல்தண்ணீரையும், அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் பூச்சிகளையும் அந்தக் கரையில் கொண்டுவந்து சேர்த்திருக்கும். அலை தரையைக் கிளறி இரையை வெளியே எடுக்கும், தண்ணீரில் காற்றையும் கலக்கும். எதிர்க்காற்றில் எறிவது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்குப் பயந்து காற்றுக்கு முதுகு காட்டிச் சுகமாக உட்கார்கிறவர்கள்தான் அதிகம், மீனோ எதிர்க்கரையில் இருக்கும். அலை அடிக்கும் கரையில் கலங்கிய தண்ணீர் ஒரு பட்டையாகத் தெரியும். கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டின் மேல் இரை விழுந்தால் போதும். அது பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டருக்குள்தான் இருக்கும்.

அடுத்தது நிலத்தின் வடிவம். கரை செங்குத்தாக இறங்கினால் தண்ணீருக்குள்ளும் பெரும்பாலும் அப்படியே இறங்கும். தட்டையாக இருந்தால் வெகுதூரம் தட்டைதான். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை, ஓடை வந்து சேரும் வாய், கோரையும் செடியும் முடியும் விளிம்பு, மூழ்கிய மரம், கற்களை அடுக்கிய கரை, இவையெல்லாம் மீன் தங்கும் இடங்கள். அணைக்கட்டு ஏரியாக இருந்து தண்ணீர் வற்றியிருந்தால், வெளியே தெரியும் தரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளம், பழைய ஓடைத் தடம், பாறைக் குவியல் எல்லாம் தண்ணீர் ஏறிய பிறகு மீன் நிற்கும் இடங்களாகும். தண்ணீர் ஏறும் நாட்களில் புதிதாக மூழ்கிய புல்வெளிக்கு மீன் ஓரமாக வரும். இறங்கும் நாட்களில் ஓரத்தைவிட்டு முதல் சரிவுக்கு விலகும்.

தண்ணீரின் மேல் தெரியும் அடையாளங்களும் உண்டு. ஊசி முனை அளவு குமிழ்கள் கூட்டமாக எழுந்து மெல்ல இடம் மாறினால், கெண்டை தரையைக் கிளறி மேய்கிறது. ஒரே இடத்தில் பெரிய குமிழ்கள் விட்டுவிட்டு வந்தால் அது அழுகும் சேற்றின் வாயுவாக இருக்கலாம். ஆழமில்லாத தரையில் தட்டுப்போல் வட்டக் குழிகள் தெரிந்தால் திலாப்பியா. செடிகளுக்கு நடுவே ‘க்ளப்’ என்ற சத்தத்தோடு வாய் திறந்து மூடினால் விரால் மூச்சு வாங்க வந்திருக்கிறது. சிறு மீன்கள் ஒரே நேரத்தில் துள்ளிச் சிதறினால் அடியில் ஏதோ துரத்துகிறது.

இடம் பிடித்ததும், இரை இல்லாமல் 20 அல்லது 30 கிராம் ஈயத்தை மட்டும் கட்டி எறிந்து தரையைத் தடவிப் பாருங்கள். ஈயம் தண்ணீரைத் தொட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை எண்ணுங்கள். நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, தளரும் கணம்தான் தரை. ஒரே வேகத்தில் எண்ணினால், எந்தப் பக்கம் ஆழம், எங்கே திடீரென்று இறங்குகிறது என்று நாலைந்து எறிதலில் தெரிந்துவிடும். பிறகு மெல்ல இழுங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் களிமண் அல்லது மணல். ‘டொக் டொக்’ என்று ராடின் நுனி தட்டினால் சரளைக்கல். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு விடுபட்டால் சேறு. கனம் கூடிக்கொண்டே வந்தால் செடி. சரளையும் சேறும் சேரும் இடம், செடிக்கு ஒரு மீட்டர் வெளியே உள்ள வெறுந்தரை, இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் அந்த நாளின் முக்கியமான வேலை முடிந்தது.

நேரம்

விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை இரண்டு மூன்று மணி நேரம், பிறகு சூரியன் சாயத் தொடங்கியதிலிருந்து இருட்டிய ஒரு மணி நேரம் வரை. ஆனால் செடி அடர்ந்து மூடிய, காற்றோட்டமில்லாத குடாவில் விடியல் நல்ல நேரம் இல்லை. செடிகளும் பாசியும் இரவு முழுக்க ஆக்சிஜனை உள்ளே இழுக்கின்றன. விடியும்போது அங்கே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் மீன் சுறுசுறுப்பாகும். காலையில் திறந்த கரை, கொஞ்சம் கழித்துச் செடி ஓரம் என்று மாறிக்கொள்ளலாம்.

நடுப்பகலிலும் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நிழலைத் தேடுங்கள்: சாய்ந்த மரம், பாலம், செங்குத்துக் கரை. அல்லது ஓடை வாய். மேகம் மூடிய நாளும் காற்றடிக்கும் நாளும் பகலிலேயே பலன் தரும்.

சாதனங்கள்

பயணத்துக்கு ஒரே ஒரு செட் எடுத்துப் போவதென்றால்: 2.7 முதல் 3.3 மீட்டர் நீள ராடு (9 முதல் 11 அடி), 15–40 கிராம் எறியக் கூடியது. 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். 0.28 அல்லது 0.30 மி.மீ. நைலான் நரம்பு 200 மீட்டர். பின்னல் நரம்பு மெல்லியது, தூரம் போகும், சின்னக் கடியும் கைக்குத் தெரியும். ஆனால் அதற்கு நீட்சி கிடையாது, கல்லில் உரசினால் சட்டென்று அறும். பாறைக் கரையில் முதல்முறை போடுபவருக்கு நைலானே நல்லது.

ரீலில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில், விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பைச் சுற்றுங்கள். அதைவிடக் குறைந்தால் எறிதல் தூரம் குறையும். கூடினால் சுருள் சுருளாக ஒரேயடியாக வெளியே பாய்ந்து சிக்கும்.

தூண்டில் முள்ளின் எண்ணில் பலர் குழம்புவார்கள். எண் பெரிதானால் முள் சிறிது: 10-ஆம் எண்ணைவிட 6 பெரியது. 1-க்குப் பிறகு 1/0, 2/0 என்று போகும்போது எண்ணோடு முள்ளும் பெரிதாகும். திலாப்பியாவுக்கு 8 முதல் 12. கெண்டை வகைக்கு 6 அல்லது 8, பெரிய கெண்டை இருக்கும் ஏரியில் 4. கெளுத்திக்கு 1/0 முதல் 3/0. விராலுக்குச் செடிக்கு மேலே இழுக்கத் தவளை வடிவச் செயற்கை இரை. அதற்கு மட்டும் 0.25 மி.மீ.க்குக் குறையாத பின்னல் நரம்பும் கட்டையான ராடும் தேவை. செடிக்குள்ளிருந்து விராலை உடனே வெளியே இழுக்காவிட்டால் தண்டைச் சுற்றிக்கொள்ளும்.

இவற்றோடு 20, 30, 40 கிராம் துளை ஈயங்கள், சிறு மணிகள், நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு வளையங்களான ஸ்விவல்கள், 3 முதல் 6 கிராம் தக்கை இரண்டு, நீண்ட மூக்குக் குறடு, கத்தரி, நீண்ட கைப்பிடியுள்ள வலை, ஈரத் துணி, நெற்றி விளக்கு. வலையை மறக்கக் கூடாது. கரைக்குக் கொண்டுவந்த பிறகு தப்பும் பெரிய மீன்கள் வலை இல்லாததால்தான் பெரும்பாலும் தப்புகின்றன.

டிராக் எவ்வளவு இறுக்கம்?

மீன் பலமாக இழுக்கும்போது ஸ்பூலை நழுவவிட்டு நரம்பு அறாமல் காக்கும் ரீலின் பிடிதான் டிராக். அதன் இறுக்கம் நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. 5 கிலோ தாங்கும் நரம்பென்றால் 1.2 முதல் 1.6 கிலோ இழுப்பில் ஸ்பூல் நழுவ வேண்டும். பயணப்பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு இதற்குப் போதும். நரம்பைத் தராசுக் கொக்கியில் கட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் ராடை மீனோடு போராடும் சாய்வில் வைத்து மெல்லப் பின்னால் சாய்க்கட்டும். தராசு 1.3-ஐக் காட்டும்போது ஸ்பூல் ‘கிர்ர்’ என்று விட்டுக்கொடுத்தால் சரி. விட்டு விட்டு, திக்கித் திக்கி நழுவினால் டிராக் வட்டுகளில் அழுக்கு. அந்தத் திக்கலில்தான் நரம்பு அறும். கையால் இழுத்துப் பார்த்து ‘போதும்’ என்று முடிவு செய்தால் பெரும்பாலும் அதிக இறுக்கமாகவே வைப்போம்.

தரைத் தூண்டில் கட்டும் முறை

கரையிலிருந்து பெரும்பாலான மீனுக்குப் பொருந்துவது ஓடும் ஈயம். மீன் இரையை எடுத்துப் போகும்போது நரம்பு ஈயத்தின் துளை வழியாக ஓடும், கனம் மீனுக்குத் தெரியாது.

1. ரீலிலிருந்து வரும் நரம்பில் துளை ஈயத்தைக் கோர்க்கவும்.
2. அதன்பின் ஒரு மணியைக் கோர்க்கவும். ஈயம் முடிச்சில் நேராக மோதி அதை நைக்காமல் இருக்க இது வேண்டும்.
3. நரம்பின் நுனியில் ஸ்விவலைக் கட்டவும்.
4. ஸ்விவலின் மறுபக்கத்தில் 30 முதல் 50 செ.மீ. தனி நரம்பு. இது மேல்நரம்பைவிட ஓர் அளவு மெல்லியதாக இருக்கட்டும்: மேலே 0.30 என்றால் இங்கே 0.25. கல்லில் மாட்டினால் முள் மட்டும் போகும், மற்றதெல்லாம் திரும்பி வரும். கெளுத்திக்கு மட்டும் இதை மாற்றி 0.40 போடுங்கள், அதன் வாயிலுள்ள அரம்போன்ற பல்வரிசை மெல்லிய நரம்பை அரைத்துவிடும்.
5. நுனியில் தூண்டில் முள்.

தரை சேறாக இருந்தால் தனி நரம்பை 70 செ.மீ. வரை நீட்டுங்கள். ஈயம் புதைந்தாலும் இரை மேலே கிடக்கும்.

முடிச்சுக்கு பாலோமார் ஒன்றைக் கற்றால் போதும். நரம்பை 15 செ.மீ. மடித்து அந்த மடிப்பை முள்ளின் கண் வழியே விடவும். மடிப்போடு சேர்த்துச் சாதாரண முடிச்சு ஒன்றைத் தளர்வாகப் போடவும். மடிப்பின் வளையத்துக்குள் முள்ளை முழுவதுமாக நுழைத்து எடுக்கவும். எச்சில் தொட்டு நனைத்து, இரு நரம்பையும் சேர்த்து ஒரே சீராக இழுத்து இறுக்கவும். 3 மி.மீ. விட்டு வெட்டவும். நனைக்காமல் இறுக்கினால் உரசும் சூட்டில் நைலான் பலம் இழக்கும். நுனி வெள்ளையாகவோ சுருண்டோ தெரிந்தால் அந்த முடிச்சை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பிறகு கையில் சுற்றாமல், ஈரத் துணியால் பிடித்துப் பலமாக இழுத்துச் சோதியுங்கள். அறுவதானால் கையிலேயே அறட்டும்.

தக்கை போடுவதென்றால் ஆழம் அளப்பது முக்கியம். முள்ளில் சிறு ஈயத்தை மாட்டி போடுங்கள். தக்கை மூழ்கினால் தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே நீளம் போதவில்லை. படுத்துக்கொண்டால் நீளம் அதிகம். நுனி மட்டும் வெளியே தெரியும்வரை நகர்த்தி, அதன்பின் 5 செ.மீ. கூட்டினால் இரை தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பெரிய ஏரியில் காற்று நரம்பைப் பிடித்துத் தக்கையை இழுத்துக்கொண்டு போகும். எறிந்ததும் ராடின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வேகமாக இரண்டு சுற்று சுற்றுங்கள். நரம்பு மூழ்கிவிடும், காற்று பிடிக்காது.

இரை

மண்புழுவுக்கு மறுப்புச் சொல்லும் நன்னீர் மீன் குறைவு. ஈர மண்ணோடு மூடியில் துளையிட்ட டப்பாவில், நிழலில் வையுங்கள். வெயிலில் பத்து நிமிடம் இருந்தால் செத்துப்போகும், செத்த புழுவுக்கு அந்த வேலை கிடையாது. முள்ளில் இரண்டு இடத்தில் குத்தி, இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் நெளியும்படி விடுங்கள். முள்ளின் நுனி வெளியே தெரியட்டும். நுனியை மறைத்தால், மீன் கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுத்துச் சுண்டும்போது புழுதான் வரும், மீன் வராது.

கெண்டைக்கு மக்காச்சோளம். காய்ந்த சோளத்தை ஓர் இரவும் பகலும் ஊறவைத்து, நகம் இறங்கும் பதம் வரும்வரை வேகவைக்கவும், அரை மணிக்கு மேலாகும். ஊறாத தானியத்தைத் தண்ணீரில் வீசாதீர்கள். மீனின் வயிற்றுக்குள் போய் ஊறிப் பருக்கும். மாவு என்றால் 200 கிராம் கோதுமை மாவுக்கு 80 முதல் 90 மி.லி. தண்ணீர், கெட்டியாகப் பிசைந்து ஒரு கிள்ளு பஞ்சைப் பிய்த்துக் கலந்துகொள்ளுங்கள். பஞ்சுதான் எறியும்போது மாவு கழன்று பறக்காமல் பிடித்துவைக்கும்.

மீனைக் கூட்ட: தவிடு 500 கிராம், ரொட்டித்தூள் 300, புண்ணாக்குத் தூள் 200. ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் கலந்து, 15 நிமிடம் ஊற விட்டு மறுபடி கிளறுங்கள். உருண்டை பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் அழுத்தினால் உதிர வேண்டும். இடுப்பளவு ஆழத்தில் ஓர் உருண்டையைப் போட்டுப் பார்த்தால் தரையில் உடைந்து பரவுகிறதா என்று தெரியும். மேலேயே கரைந்தால் தண்ணீர் போதவில்லை. கல்லாய்க் கிடந்தால் அதிகம். தொடக்கத்தில் எலுமிச்சை அளவில் ஐந்து உருண்டை, பிறகு கடி குறையும்போது ஒன்று. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மீன் உங்கள் முள்ளைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். மிஞ்சியது அழுகி அந்த இடத்து ஆக்சிஜனையும் தின்னும்.

ஒரு ஏரியில் பிடித்த சிறு மீனை இன்னொரு ஏரியில் உயிர் இரையாக விடாதீர்கள். அந்த ஏரிக்குச் சொந்தமில்லாத மீனும் நோயும் பரவுவது இப்படித்தான்.

எறிவது

ராடு நுனியிலிருந்து ஈயம் 60 செ.மீ. தொங்கட்டும். நரம்பை ஆள்காட்டி விரலில் கொக்கிபோல் பிடித்து, ரீலில் நரம்பைச் சுற்றிவிடும் வளைகம்பியான பெயில் கம்பியைத் திறக்கவும். பின்னால் திரும்பிப் பார்க்கவும், ஒவ்வொரு முறையும். கீழ்க்கையை மார்பை நோக்கி இழுத்து, மேல்க்கையை முன்னால் தள்ளவும். ராடு நுனி தலைக்கு முன்னே ஏறக்குறைய 45 பாகைக்கு வரும்போது விரலை விடவும். ஈயம் காலடியில் அடித்தால் தாமதமாக விட்டீர்கள். வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டீர்கள். ஈயம் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் ஸ்பூலின் விளிம்பை விரலால் தொட்டு வேகத்தைக் குறைத்தால், முள் ஈயத்தைத் தாண்டி நேராக நீண்டு விழும், சிக்காது.

பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுழற்றி மூடினால் நரம்பில் தளர்ந்த வளையம் ஒன்று ஸ்பூலுக்குள் போகும். அடுத்த எறிதலில் அதுதான் பெருஞ்சிக்காக வெளியே வரும்.

உட்கார்வதிலும் கவனம் வேண்டும். தண்ணீருக்கு வெளியே தாழ்வான கோணத்தில் இருப்பது மீனின் கண்ணுக்கு நசுங்கி, மங்கலாகத்தான் தெரியும். வானத்தை மறைத்து நிற்கும் ஆள் நன்றாகத் தெரிவார். அதனால் உட்காருங்கள், பின்னால் மரமோ புதரோ இருக்கட்டும். காலடி அதிர்வை மீன் உடலின் பக்கவாட்டுக் கோட்டால் உணரும். கரையோரம் 5 மீட்டரில் மேயும் கெண்டை ஒருமுறை பெட்டியைத் தொப்பென்று வைத்தாலே போய்விடும்.

கடி, சுண்டல், போராட்டம்

நுனி ‘டிக் டிக்’ என்று சிறிதாகத் துடித்தால் காத்திருங்கள். திலாப்பியாவோ சிறு மீனோ கொத்துகிறது. நுனி வளைந்து அப்படியே நின்றாலோ, தளர்ந்து தொய்ந்தாலோ சுண்டுங்கள். தொய்வதும் கடிதான்: மீன் இரையோடு உங்களை நோக்கி வருகிறது. கெளுத்தி தட்டிக்கொண்டிருக்காது, இழுத்துக்கொண்டு ஓடும். ராடைத் தாங்கியில் வைத்திருந்தால் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள், இல்லையென்றால் ராடே தண்ணீருக்குள் போகும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட வளைவு முள் போட்டிருந்தால் சுண்டவே கூடாது. நரம்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டே வந்தால் வாயோரத்தில் தானே மாட்டும். தவளை இரையை விரால் அடித்தால் ஒரு நொடி பொறுத்து, கனம் கைக்குத் தெரிந்த பிறகு சுண்டுங்கள். தண்ணீர் வெடிக்கும் சத்தத்துக்கே சுண்டினால் வெறும் இரை முகத்துக்கு வரும்.

மீன் ஓடும்போது கைப்பிடியைச் சுழற்றாதீர்கள். 5:1 பற்சக்கர விகிதமுள்ள ரீலில், டிராக் நழுவும்போது ஒரு சுற்று சுழற்றினால் நரம்பில் ஐந்து முறுக்கு ஏறும். ஓடட்டும். நின்றதும் ராடை மெல்லத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுங்கள். செடியை நோக்கி ஓடினால் ராடைப் பக்கவாட்டில் சாய்த்து இழுங்கள். தலை திரும்பினால் உடல் திரும்பும். ராடைச் செங்குத்தாக நிமிர்த்திப் பின்னால் வளைக்கக் கூடாது. முழு வளைவும் மெல்லிய நுனிக்குப் போய் முறியும்.

வலையை முதலில் தண்ணீருக்குள் அமிழ்த்தி அசையாமல் வையுங்கள். தலை முன்னால் வர, மீனை வலையின் மேல் கொண்டுவந்து பிறகு தூக்குங்கள். வலையால் மீனைத் துரத்தினால் கடைசி நேரத்தில் ஒரு பாய்ச்சல் பாயும்.

விடுவதும் வைத்துக்கொள்வதும்

20 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மி.கி. ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். சூடான தண்ணீரில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, கிடைப்பதோ குறைவு. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு தண்ணீரை விட்டு வெளியே வைத்திருந்தால், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு சாகலாம். விடப்போகும் மீனென்றால் வலையோடு தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, குறடால் முள்ளை எடுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் 10 நொடி. காய்ந்த கை, காய்ந்த துணி, சூடான பாறை மூன்றும் மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டி விடுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலுக்குத் தூண்டில் போடவே வேண்டாம். தாய் தகப்பன் போனால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகும்.

கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் இரு பக்கத் துடுப்பிலும் முள் உண்டு, சிலவற்றில் நஞ்சும் உண்டு. விரல்கள் பக்கத் துடுப்பு முட்களுக்குப் பின்னால் வரும்படி, முட்களை அணைத்துப் பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், வலி தணியும். வீங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சமைக்க வைத்துக்கொள்ளும் மீனைக் கயிற்றில் கோர்த்து ஓரத்தின் சூடான தண்ணீரில் நாள் முழுக்கத் தொங்கவிடாதீர்கள். அங்கேயே செத்து மென்மையாகிவிடும். தலையில் அடித்து உடனே கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, குடலை எடுத்து, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்ற கணக்கில் பெட்டியில் அடுக்கவும். உருகிய தண்ணீரை வடித்துக்கொண்டே இருங்கள்.

தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் அது நச்சுப் பாசியாக இருக்கலாம். அங்கே இறங்கவும் வேண்டாம், மீன் சமைக்கவும் வேண்டாம். கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கரையில் எச்சரிக்கை

கார்பன் ராடு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும் அதற்கு 30 மீட்டருக்குள்ளும் எறியாதீர்கள். இடி கேட்டாலே ராடைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கோ கட்டடத்துக்கோ போங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம்.

கோடையில் வற்றிய ஏரியின் ஓரம் வெடித்துக் காய்ந்து கெட்டியாகத் தெரியும். அந்தத் தோலுக்கு அடியில் இடுப்பளவு சேறு இருக்கலாம். குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே அடி வையுங்கள், தனியாகப் போகாதீர்கள். அணைக்கட்டு ஏரியில் மதகு அருகே வேண்டவே வேண்டாம். தண்ணீரில் இறங்கிப் போடுவதானால் உயிர்காப்பு அங்கி அணியுங்கள். போலரைஸ்டு கண்ணாடி கண்ணைக் காக்கும், தண்ணீருக்கு அடியிலும் பார்க்க உதவும்.

அனுமதிச் சீட்டு, பிடிக்கக் கூடிய அளவும் எண்ணிக்கையும், தடைக்காலம், ஒருவருக்கு எத்தனை ராடு என்பது ஒவ்வொரு ஏரிக்கும் வேறு. பயணத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது நாற்பது நிமிடத்தில் ஒரு கடியும் இல்லையென்றால் எறியும் தூரத்தை மாற்றிப் பாருங்கள். முதலில் கிட்டே, பிறகு தூரம். அதற்கும் பதில் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள், இரையை மாற்றுவது அதற்கு அடுத்தது. முள் கல்லில் மாட்டினால் ராடை வளைத்து மல்லுக்கட்டாதீர்கள். நரம்பைத் தளர்த்தி ஒரு நிமிடம் விட்டு, நாலைந்து அடி பக்கவாட்டில் நடந்து வேறு கோணத்தில் இழுத்தால் பாதி முறை வந்துவிடும். வராவிட்டால் ராடை நேராகக் காட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நரம்பைத் துணியில் சுற்றி அறுங்கள். ஈயம் துள்ளிக் கண்ணுக்கு வரும் ஆபத்து உண்டு.

அறுந்த நரம்பை ஒரு துண்டுகூட விடாமல் பையில் எடுத்து வாருங்கள். அது மக்காது, பறவையின் காலில் சுற்றிக்கொண்டால் அந்தக் காலே போகும். வீட்டுக்கு வந்ததும் முதல் 5 மீட்டர் நரம்பை விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அதுவரை வெட்டிவிடுங்கள். ரீலை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவைத்து, டிராக் திருகை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே வட்டுகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை முதல் மீன் ஓடும்போது டிராக் விட்டுக்கொடுக்காது.